சென்சார் வந்த மில்: கேள்வி பதில்

ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பஞ்சில் இருந்து நூல் சுற்றிய கோன் வரை கேளுங்கள்.

கப்பலூர் சைடர் (நூற்கும் மெஷினில் சைடு பார்ப்பவர்): அண்ணே, நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஒவ்வொன்றுக்கும் சென்சார் மாட்டிவிட்டார்கள். என் சைடில் அறுப்பு அதிகம் என்று டிஸ்பிளேயில் பெயரோடு வருகிறது.

தம்பி, இழை அறுந்ததைத்தான் சென்சார் சொல்லும், ஏன் அறுந்தது என்று சொல்லாது. நூல் ஓடும் சின்ன வளையமான டிராவலர் தேய்ந்தால் அறுக்கும், மிக்சிங், அதாவது பஞ்சுக் கலவை, மாறினால் அறுக்கும். ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் வேண்டும். சித்திரை வெயிலில் அது இறங்கினால் சைடு முழுக்க அறுக்கும். ஒரே ஸ்பிண்டில் திரும்பத் திரும்ப அறுந்தால் சாக்பீஸால் குறித்து ஃபிட்டரைக் கூப்பிடு. சைடு முழுக்க என்றால் ஈரப்பத மீட்டரைப் பார்த்து நேரத்தோடு எழுதி வை. உன் கணக்கில் வர வேண்டியது அறுந்ததைச் சேர்க்க ஆன நேரம் மட்டும்தான். அறுந்த இடத்தைத் தேடி நடக்கும் நடை குறையும் என்று சொல்லித்தான் இதை மாட்டுகிறார்கள். குறைந்த நடைக்கு இன்னொரு ஃபிரேமை, அதாவது நூற்கும் மெஷினை, தலையில் கட்டிவிடுவார்கள்.

மேலூர்: மெஷின் வந்தால் வேலை போகுமா?

நூல் நிறைந்த பாபினைத் தானாகக் கழற்றும் ஆட்டோ டாஃபிங் வந்த இடத்தில், அதைக் கையால் செய்த டாஃபர்கள் குறைந்தார்கள். ஆட்குறைப்பு வரக்கூடிய மாற்றம் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2020 தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. அப்புறம், இந்த மெஷின்கள் நிற்பது போல இருந்து தானாகக் கிளம்பும். மெயின் சுவிட்சை அணைக்காமல் மெஷினுக்குள் கை விடாதீர்கள்.

திருமங்கலம் வைண்டிங்: நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் அறுந்த நூலுக்குப் போடும் ஒட்டு எங்கள் கை முடிச்சுக்கு ஈடாகுமா அண்ணே?

தங்கச்சி, அதில் இருக்கும் ஸ்பிளைசர் காற்றை அடித்து இரண்டு நுனியையும் பின்னிவிடுகிறது. முடிச்சு தடிக்கும், திருப்பூர் பனியன் மெஷின் ஊசியில் மாட்டினால் துணியில் ஓட்டை.

பழைய ஃபிட்டர்: காற்றழுத்தம் குறைந்தால் அந்த ஒட்டு பிரிந்து போகுமே! முடிச்சு பிரியுமா?

ஒட்டு பிரியும்தான். அந்த ஸ்பிளைசரில் அடைத்த பஞ்சை எடுப்பது யார்? முடிச்சுப் போட்ட அதே பெண். எந்தச் சிவப்பு விளக்குக்கு என்ன கோளாறு என்று படிப்பதும் அவள்தான்.

பழைய ஃபிட்டர்: அது ஒரு தொழிலா?

தொழில்தான். அதற்குக் கூலி ஏறியதா என்று கேளும், முடிச்சை விடும்.

ஒத்தக்கடை: பஞ்சு படிந்த முகத்தை வருகைப்பதிவு மெஷின் ஏற்கவில்லை.

அந்த நிமிடமே சூப்பர்வைசரிடம் எழுதி வாங்குங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நேரம் பதிவாகாவிட்டால் அதுவும் போச்சு.

வடபழஞ்சி: ஆபீஸ் லேப்டாப்பை வேவு பார்க்கிறார்களா?

என் துறை இல்லை. ஐடி ஊழியர் சங்கத்தில் கேளுங்கள்.

உசிலம்பட்டி: மெஷின் வந்தால் வேலை போகுமா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாடிப்பட்டி: மெஷின் வந்தால்...

மேலே!

கப்பலூர் சைடர்: சென்சார் மேல் டேப் ஒட்டிவிடட்டுமா?

ஒட்டாதே. அறுந்தது தெரியாமல் ரோலரில் பஞ்சு சுற்றும். அதைப் பிடுங்கக் கை விடுவாய். மெயின் சுவிட்ச், தம்பி.