உடைகளைத் தைத்தவர் பெயர் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 38. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையின் சுயாதீன இசைக்குழுக்களைப் படம் எடுத்து வருகிறேன். வருமானம் சொல்லும்படி இல்லை. வீட்டுச் செலவை என் மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்கிறது. குழுக்கள் என் படங்களை இன்ஸ்டாகிராமில் போடும்போது மூலையிலுள்ள என் பெயரை வெட்டிவிட்டுப் போடுகின்றன. அது பெரிய மனவேதனை. எனக்கிருக்கும் ஒரே ஆறுதல், மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு எங்கள் மொட்டை மாடியில் நான் செய்துவரும் குடும்பப் படத்தொடர்தான். பழைய மவுண்ட் ரோடு ஸ்டுடியோக்களின் பாணியில் திரை கட்டி, அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள் ஆகிய மூவரையும் அந்தக் கால உடையில் நிறுத்தி எடுக்கிறேன். உடைகளை மனைவியே தைத்துவிடுவாள், அதனால் செலவு இல்லை. இப்போது ஒரு கலைக்கூடம் இந்தத் தொடரைக் கண்காட்சியாக வைக்கக் கேட்டிருக்கிறது. இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த நேரத்தில் மனைவி, "இனி நானும் வரமாட்டேன், பாப்பாவும் வரமாட்டாள்" என்கிறாள். காரணம் கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள். தேவையானால் இசைக்குழுக்களை விட்டுவிட்டுக் கல்யாணப் படம் எடுக்கப் போகவும் தயார். என் கலையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

– வேளச்சேரி வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

"என் கலையை எப்படிப் புரியவைப்பது" என்று முடியும் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன. நாடகம் போடுகிறவர் எழுதுகிறார், மிருதங்கம் வாசிக்கிறவர் எழுதுகிறார், குறும்படம் எடுக்கிறவர் எழுதுகிறார். அநேகமாக எல்லாருமே, வீட்டில் வேறொருவர் சம்பாதிப்பதால் கலை செய்ய முடிகிறவர்கள். ஆகவே உங்கள் திறமையைப் பற்றியோ கலைஞனின் தனிமையைப் பற்றியோ நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "உடைகளை மனைவியே தைத்துவிடுவாள், அதனால் செலவு இல்லை." மற்ற வரிகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இந்த ஒரு வரியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

மூன்று ஆண்டுகள், மாதம் ஒரு படம், படத்துக்கு மூன்று பேர் என்றால் நூறு உடைகளுக்கு மேல் ஆகிறது. ஒரே புடவையை மாற்றி மாற்றி உடுத்தியதைக் கழித்துக்கொண்டாலும் உங்கள் மகளின் கணக்கைக் கழிக்க முடியாது. தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயது, இப்போது ஒன்பது; அந்த வயதில் ஓராண்டுக்கு முன் தைத்த சட்டை தோளில் ஏறாது, பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஆகையால் ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுத்து வெட்டியிருக்க வேண்டும், அல்லது முன்யோசனையோடு டக் பிடித்துத் தைத்து, பிறகு உட்கார்ந்து பிரித்து விட்டிருக்க வேண்டும். பஃப் கை வைத்த அந்தக் காலத்து ரவிக்கை என்பது சாதாரண ரவிக்கையைப் போல ஒரு மாலையில் முடிகிற வேலையில்லை. கையின் சுருக்கம் இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் கேமராவில் அப்படியே தெரியும். லைனிங் வைக்க வேண்டும், காஜா எடுக்க வேண்டும், ஊக்கு தைக்க வேண்டும். துணிக்காகப் பாரிமுனையின் கோடவுன் தெருவுக்குப் போய் வந்தது யார்? அலுவலகத்துக்கும் போகிற ஒரு பெண் இவ்வளவையும் எந்த நேரத்தில் செய்தார்? நீங்கள் ஏதோ ஓர் அரங்கில் சிவப்பு எல்இடி விளக்கின் கீழே பாடகரின் முகத்தில் கொஞ்சமாவது விவரம் கிடைக்குமா என்று தவித்துக்கொண்டிருந்த அதே இரவுகளில்தான் தைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பாப்பாவைத் தூங்கவைத்ததும் உங்கள் அம்மாவுக்குச் சோறு போட்டதும் யாரென்று நான் கேட்கவில்லை. அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இத்தனைக்கும் நீங்கள் போட்ட விலை, "செலவு இல்லை." வேளச்சேரியிலேயே ஒரு தையல் கடைக்குப் போய், உங்கள் தொடரிலுள்ள ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, இந்த மூன்று உடைகளையும் இதே போலத் தைக்க எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் தொகையை, ஒரு குழு உங்களுக்கு ஓர் இரவுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தொகையை மனைவியிடம் நீட்டிக் கணக்குத் தீர்க்கும் காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த அறிவு உங்களுக்கு மட்டும் வந்தால் போதும்.

குழுக்கள் உங்கள் பெயரை வெட்டுவது பற்றிய உங்கள் கோபம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், புகைப்படத்தின் ஆசிரியர், அதாவது படைப்பாளர், அதை எடுத்தவரே என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே, ஐஐடி வளாகத்தில் நடக்கும் சாரங் விழாவின் பெரிய மேடையானாலும் நாற்பது பேர் உட்காரும் சிறிய அரங்கானாலும், பையிலிருந்து கேமராவை எடுப்பதற்கு முன்பே உரிமை யாருக்கு, பெயர் எங்கே வரும் என்று நான்கு வரிகளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெயரைப் பொறுத்தவரை 57-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், படத்தை எடுத்தவர் நானே என்று கோரும் உரிமை ஆசிரியரை விட்டுப் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் இதை எழுதி வாங்கப் பழகவில்லை என்றால், குறை முழுவதும் குழுக்களுடையது என்று நான் சொல்லமாட்டேன்.

இனி மொட்டை மாடிக்கு வருவோம். அங்கே எடுத்த படங்களில் உங்கள் மனைவிக்குச் சட்டப்படி என்ன இருக்கிறது? கேமராவைப் பிடித்தவர் நீங்கள் என்பதால் படத்தின் ஆசிரியர் நீங்கள் ஒருவரே. ஊசியைப் பிடித்தவரைச் சட்டம் படத்தின் ஆசிரியராகக் கருதாது. அவருக்கென்று 57-ஆவது பிரிவு எதுவும் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது அந்தப் படங்களின் கீழே, உடை தைத்தவர் இன்னார் என்று போட்டீர்களா? "நான் செய்துவரும் தொடர்" என்று எழுதுகிறவர் அப்படிப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பெயரை வெட்டுகிற பையன்களாவது, வெட்டுவதற்கு அங்கே ஒரு பெயர் இருந்ததை அறிந்தவர்கள்.

பழைய ஸ்டுடியோப் படங்களின் மேல் உங்களுக்குள்ள பிரியம் எனக்கும் உண்டு. தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, பூச்சாடி வைத்த சின்ன மேசை, நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்கும் உறவினர் என்று அந்த உலகமே தனி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ம வடிவில் பாதுகாத்திருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கக்கூடும், இல்லையென்றால் பாருங்கள். அத்தகைய படங்களை ஒட்டியிருக்கும் அட்டையின் அடியில் ஸ்டுடியோவின் பெயர் அழகாக அச்சாகியிருக்கும். திரையை வரைந்தவர் யார், நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்தவர் யார், கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் வண்ணம் தீட்டியவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அந்த மரபின் அழகை எடுத்துக்கொண்ட நீங்கள் அதன் அநியாயத்தையும் சேர்த்தே எடுத்து வந்திருக்கிறீர்கள், அவர்களுக்குக் கிடைத்த கூலி ஒன்றைத் தவிர.

உங்கள் மனைவிக்குக் கலை புரியவில்லை என்ற பேச்சை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த ஆண்டுகளில் எந்தக் கை வைத்துத் தைத்தார்கள், எந்தக் கரை எந்தத் திரைக்கு முன்னால் எடுபடும் என்று மூன்று ஆண்டுகளாகத் தீர்மானித்து வந்தவரிடம் போய் எதைப் புரியவைக்கப் போகிறீர்கள்? அவர் விலகியது கண்காட்சி பற்றிய செய்தி வந்த நேரத்தில். அந்தச் செய்தியை வீட்டில் எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். "என் படங்களைக் கேட்டிருக்கிறார்கள்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். மனைவி "ஒன்றுமில்லை" என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளும் கணவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறீர்களே, அதை யார் கேட்டார்கள்? அவர் கேட்காத தியாகத்தைச் செய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் அதை நினைவூட்டிக்கொண்டிருப்பீர்கள். இசைக்குழுக்களோடு இருங்கள். ஆனால் வீட்டுச் செலவில் ஒரு பங்கை, அது சிறியதானாலும், மாதம் தவறாமல் கொடுங்கள். கல்யாணமாகிக் குழந்தையும் உள்ள ஆணுக்கு அது கடமை. கலைஞர் என்பதற்காக எவருக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு என்று நான் நம்பவில்லை.

மகளைப் பற்றி ஒன்று. ஆறு வயதில் அது விளையாட்டாக இருந்திருக்கும். ஒன்பது வயதில் தன் முகம் எங்கே மாட்டப்படுகிறது என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவளிடம் தனியாக, ஐஸ்கிரீம் எதுவும் வாங்கித் தராமல் கேளுங்கள். உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள், மாடி வெயிலில் நின்ற கால்வலியைப் பிள்ளை மனம் கோணக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில்லை.

மனைவியிடம் பேசும்போது கண்காட்சியை முதலில் எடுக்காதீர்கள். மூன்று ஆண்டுகளாக அவர் பெயரைப் போடாமல் விட்டது தவறு என்று சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இணையத்தில் உள்ள எல்லாப் படங்களின் கீழும், அவர் சம்மதித்தால், அவர் பெயரை அன்றே சேருங்கள். சில நாள் கழித்து, இந்தத் தொடரைக் காட்சிக்கு வைக்கலாமா, வைத்தால் இருவர் பெயரிலும் வைக்கலாமா, அந்த உடைகளையும் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று கேளுங்கள். கலைக்கூடம் ஒரு பெயர்தான் போடுவோம் என்றால் அந்தக் கலைக்கூடம் உங்களுக்கு வேண்டாம். மனைவி வேண்டாம் என்று சொன்னால் மறுப்புக் கடிதத்தை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவிடுங்கள். அதில் காரணமாக மனைவியைக் காட்டாதீர்கள். மறுப்பது நீங்கள் என்றே எழுதுங்கள்.