குறை என்றொரு சரக்கு

கேள்வி: பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் பிள்ளையில்லாத தம்பதியரின் குறையை உருக்கமாகச் சொல்கிறது. பிள்ளை வேண்டிக் கோயில் திருவிழா இரவில் அயலானோடு கூடும் வழக்கத்தைத் தொடாமல் அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் சர்ச்சை எழுந்திருக்காது அல்லவா?

பதில்: சர்ச்சையைப் பற்றிப் பலரும் பேசி ஓய்ந்துவிட்டார்கள். என்னை உறுத்துவது, தங்கள் கேள்வியின் நடுவே போகிற போக்கில் வந்து அமர்ந்திருக்கும் 'குறை' என்ற சொல்தான்.

2010இல் வெளிவந்த அந்நாவலில், மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின்பும் காளிக்குப் பொன்னாவின்மேல் உள்ள மோகம் தணிவதில்லை. வீடு நிறையப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு ஒரே திண்ணையின் இரு மூலைகளில் முகம் பாராமல் உட்கார்ந்திருப்போரை நாம் நிறைவாழ்வு வாழ்பவர்கள் என்கிறோம். ஊடியும் கூடியும் ஒருவரையொருவர் விடாமல் வாழும் இவ்விருவரைக் குறையுடையோர் என்கிறோம். அவளை வறடி என்று ஏசுவோரும், அவனை இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்வோரும், இந்தச் சொத்தை யார் ஆளப்போகிறார்கள் என்று கவலைப்படுவோரும் ஆளுக்கொரு மூட்டையாகக் கொண்டுவந்து அந்த வீட்டு வாசலில் இறக்கிவைத்த சரக்குதான் குறை.

இச்சொல் முன்பு இவ்வளவு இழிந்ததன்று. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, மக்கள் இல்லாதவர்க்குப் 'பயக்குறை இல்லை' என்று பாடுகிறான். அங்கே குறை என்பது ஊனமன்று, முடிக்கப்படும் பொருள், அதாவது வாழ்ந்து அடையவேண்டிய பயன் என்பது பழைய உரை. ஆயினும் சொல்லின் பொருள் மாறியதே ஒழிய, பிள்ளையில்லாதவர் மீதான தீர்ப்பு அன்றும் அதுதான். அப்பாட்டில் வரும், நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை எதிரில் இருக்கும்போது இல்லாதவரைப் பற்றி நிதானமாக யோசிப்பது அரசனுக்கும் அரிது போலும். எனக்கு நெடுநாள் வழக்குள்ள திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகரோ ஒரு படி மேலே போனார். மக்கட்பேறு அதிகாரத்திற்குப் 'புதல்வரைப் பெறுதல்' என்று பெயரிட்டு, 'மக்கள்' என்ற சொல்லிலிருந்து பெண்களையே கழித்துவிட்டார். அவர் கணக்கின்படி பெண் பிள்ளைகளை மட்டும் பெற்றவருக்கும் குறைதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடப்பது திங்கட்கிழமைகளில். நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் இந்த நாவலாசிரியரை அழைத்துச் சமாதானம் பேசிய 2015 ஜனவரி 12ஆம் நாளும் திங்கட்கிழமையே. அன்று தீர்த்துவைக்கப்பட்டது யாருடைய குறையோ! தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்ததும், 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த எழுத்தாளன் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றதும் தாங்கள் அறிந்தவையே.

நாவலின் பெயருக்கு உரியவரான திருச்செங்கோட்டு இறைவன் பாதி ஆண், பாதி பெண். அவரைப் பாதி குறைந்தவர் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தங்கள் கேள்வியில் 'தம்பதியரின் குறை' என்பதை 'ஊராரின் குறை' என்று திருத்தி மீண்டும் அனுப்புங்கள். இரண்டாம் பாதிக்கு அப்போது பதில் சொல்கிறேன்.