பார்வை குறைந்த குதிரைக்குப் புது லாயம்

கேள்வி: எங்களிடம் 14 வயதுப் பெண் குதிரை ஒன்று உள்ளது. அடிக்கடி வந்த கண் அழற்சியால் இடது கண் பார்வை முற்றிலும் போய்விட்டது. வலது கண்ணும் மங்கி வருகிறது. அடுத்த மாதம் அதைக் கோவை அருகே ஒரு புதிய லாயத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. அது மிரண்டு எங்காவது முட்டிக்கொள்ளாமல் பழக்குவது எப்படி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக இடம் மாற்றலாம். பார்வையைத் திடீரென்று இழந்த குதிரைகளைவிட, சிறிது சிறிதாக இழந்தவை நன்றாகவே சமாளித்துக்கொள்கின்றன. ஆனால், இப்போதுள்ள லாயத்தில் அது தடுமாறாமல் நடப்பதைக் கண்டு வலது கண்ணில் போதிய பார்வை இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பழகிய இடத்தில் அதை நடத்துவது பெரும்பாலும் நினைவுதான். புது இடத்தில் அந்த நினைவு கைகொடுக்காது.

புறப்படும் முன் கால்நடை மருத்துவரிடம் கண்களைக் காட்டிவிடுங்கள். அழற்சிக்காக அட்ரோபின் சொட்டு மருந்து போட்டுவந்தால் அதை அவசியம் நினைவூட்டுங்கள். அம்மருந்து கண்பாவையை விரித்துவிடுவதால் சமவெளி வெயில் கண்ணைக் கூசவைக்கும். குடலின் அசைவையும் அது குறைக்கக்கூடும் என்பதால், பயணமும் தீவனமாற்றமும் சேரும்போது வயிற்றுவலிக்கு இடமுண்டு. முகத்துக்கு வலைத்துணி முகமூடி ஒன்று வாங்கி, இங்கேயே பழக்கிவிடுங்கள். மலைப்பாதை வளைவுகளில் வண்டி சாய்வதைக் குதிரை முன்கூட்டி அறியாது. ஓட்டுநரை மிக மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே போய், குதிரையின் தலை உயரம்வரை சுவரெங்கும் கையால் தடவிப் பாருங்கள். ஆணி, வாளிக் கொக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ப்பாள் எதுவாயினும் அகற்றப்பட வேண்டும். முள்கம்பி வேலி இருந்தால், அதை மாற்றும்வரை குதிரையை அங்கே அவிழ்த்துவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

பகலில் போய்ச் சேருங்கள். முதலில் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துச் சென்று, நீரைக் கையால் அளைந்து சத்தம் கேட்கச் செய்யுங்கள். தொட்டியையும் தீவனக் காடியையும் பிறகு இடம் மாற்றக் கூடாது. அடுத்து, கயிற்றைப் பிடித்தபடி வேலியோரமாக இரு திசைகளிலும் நடத்துங்கள். வேலி வலப்புறம் இருக்கையில் ஓரளவு தெரியும். திரும்பி வருகையில் அதே வேலி குருட்டுக் கண்ணின் பக்கம் வந்துவிடுவதால், அது குதிரைக்கு வேறொரு பாதை. வேலியை ஒட்டி ஆறடி அகலத்துக்கு மணல் பரப்பிவிட்டால், தடை நெருங்குவதைக் குளம்பே உணர்ந்துகொள்ளும். முகவாயில் உள்ள மீசை முடிகளைக் கத்தரிக்காதீர்கள், அவையும் தொட்டறியும் உறுப்புகளே.

வாசல்களில் கூடுதல் கவனம் வேண்டும். இடக்கண் இல்லாத ஒரு குதிரையை நான் கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நிலைக்கட்டையில் இடித்து, அதன் இடது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல் போயிருந்தது. பிடித்து நடத்தியவர், தான் இடப்பக்கம் போதிய இடம் விடவில்லை என்பதை வெகுநாள் உணரவேயில்லை. புது லாயத்து ஆட்கள் அனைவரும், தொடுமுன் ஒரே சொல்லால் கூப்பிடப் பழக வேண்டும்.

சாதுவான குதிரை ஒன்று துணைக்குக் கிடைத்தால் அதன் கழுத்தில் சிறு மணி கட்டுங்கள். திடலின் எந்த மூலையில் விட்டாலும் உங்கள் குதிரை தானாகத் தண்ணீரைத் தேடி வந்துவிட்டால், அன்று கயிற்றை அவிழ்க்கலாம். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் ஒரே இடத்தில் வட்டமிட்டு, கனைத்து, தீனி எடுக்காமல் இருந்தால் வலது கண்ணை உடனே மறுபடி காட்டுங்கள்.