மணிக்கட்டில் வேல், எதிரே எச்ஆர்: கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 26 வருஷம் எச்ஆரில், அதாவது மனிதவளப் பிரிவில், குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். ஆள் எடுத்திருக்கிறேன், ஆளை அனுப்பியும் இருக்கிறேன். சாமி உருவத்தைப் பச்சை குத்திக்கொண்டு வேலை இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்து குவிந்துவிட்டது. நான் வக்கீல் இல்லை. சிலருக்கு நீளமாக, சிலருக்கு ஒரு வரி. கோபிக்க வேண்டாம்.

பிறையிலிருந்து ஒரு தம்பி: அங்கிள், வலது மணிக்கட்டில் வேல் குத்தியிருக்கேன். இண்டர்வியூ நல்லாப் போச்சு. கடைசியில கை குலுக்கும்போது சட்டைக்கை மேலே ஏறிடுச்சு, மேனேஜர் கண்ணு அங்கேயே நின்னுச்சு. "கூப்பிடுறோம்"னார். கூப்பிடல. கேஸ் போட முடியுமா?

முடியாது தம்பி. ஏன் என்று சொல்கிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் முதலில் தூக்கிக்கொண்டு வருவது அரசியலமைப்பின் 8ஆவது விதி. சமயம், இனம், பிறந்த இடம், பால் இவற்றைக் காட்டி மட்டும் பாகுபாடு கூடாது என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் வேலை என்று வரும்போது அது பேசுவது அரசாங்க வேலையை. தனியார் முதலாளியை அது கட்டாது. கர்ப்பமானதால் வேலை போன விமானப் பணிப்பெண் வழக்கில் நம் நாட்டின் மேல்மட்ட நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2005இல் இதைத்தான் சொன்னது.

இரண்டாவது, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதில் 69எஃப் என்று ஒரு புதுப் பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு என்று புகார் வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். அதற்குப் பிறகும் அடம் பிடித்தால் நாளுக்கு 1,000 ரிங்கிட் வரை. நல்ல பல்தான். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள தகராறை. நீ இன்னும் தொழிலாளியே ஆகவில்லை, வாசலில் நிற்கிறாய். 'பாகுபாடு' என்றால் என்ன என்றும் சட்டம் விளக்கவில்லை.

மூன்றாவது, 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம், 20ஆவது பிரிவு. அது வேலையிலிருந்து நீக்கப்பட்டவனுக்கு. உனக்கில்லை.

அடுத்த இண்டர்வியூவுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு போ. அவமானமாக இருக்கிறதா? இருக்கும். உள்ளே நுழைந்த பிறகுதான் சட்டம் உன் பக்கம் கொஞ்சமாவது திரும்பும்.

பாயான் லெப்பாஸ், பெண், வயது 29: அண்ணே, சிப் கம்பெனியில் கிளீன் ரூம் ஆபரேட்டர். மணிக்கட்டில் ஓம். புதுசா வந்த சூப்பர்வைசர் "கன்டாமினேஷன்"னு சொல்லி லைனை விட்டு எடுத்துட்டார். இப்போ பேக்கிங்ல நிக்கிறேன், அலவன்ஸ் போச்சு.

இது என் பேட்டை. கொஞ்சம் உட்காரும்மா.

கிளீன் ரூம் என்றால் தூசி நுழையக் கூடாத அறை. அதற்குள் போகிறவளுக்கு வெளியே தெரிவது கண் மட்டும்தான். தலைக்கு ஹூட், வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு முழு அங்கி, காலுக்குப் பூட்ஸ். கையுறையின் விளிம்பை அங்கியின் கைக்கு மேலே இழுத்துவிட வேண்டும், ஒரு நூல் அளவு தோல் தெரிந்தாலும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதே திருப்பி அனுப்புவோம். அந்த ஓம் உள்ளே இருப்பது உனக்கும் முருகனுக்கும் மட்டும்தான் தெரியும்.

கன்டாமினேஷன் என்றால் மாசு. அங்கே பயம் துகளுக்கு. பவுடர் துகள், மை துகள், முடி துகள். அதனால் விபூதி, குங்குமம், தைப்பூசத்தில் கட்டின மஞ்சள் கயிறு எல்லாம் கழற்றிவிட்டு வா என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். திட்டும் வாங்கியிருக்கிறேன். கயிறு நார் உதிர்க்கும், விபூதி சாம்பல், அதற்குக் காரணம் உண்டு. பச்சையின் மை தோலின் மேற்படலத்துக்குக் கீழே இருக்கிறது. புதிதாகக் குத்தி இரண்டு மூன்று வாரம் பொருக்கு உதிரும்போது ஒதுக்கி வைத்தால் நியாயம். ஆறிய பச்சை எதையும் உதிர்க்காது. உன் சூப்பர்வைசருக்கு ஓம் பிடிக்கவில்லை, அதற்குக் கன்டாமினேஷன் என்று சட்டை போட்டுவிட்டிருக்கிறார்.

என்ன செய்ய வேண்டும்? சண்டை போடாதே. எச்ஆருக்கு ஓர் ஈமெயில் அனுப்பு, மூன்று வரி போதும்: எந்தத் தேதியில் மாற்றினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எந்த எழுத்து விதியின்படி. "எந்த விதி" என்ற கேள்விதான் முக்கியம். விதி இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால் பதில் வராது, பதில் வராததும் உனக்குச் சாட்சி. அதை எடுத்துக்கொண்டு 69எஃப் பிரிவில் தொழிலாளர் இலாகாவுக்குப் போ. உனக்கு வழி இருக்கிறது.

எழுத்தில் வாங்குங்கள். இன்றைக்கு இதை இன்னும் பத்துத் தடவை சொல்வேன்.

சுங்கை டுவா: அண்ணே, டாட்டூவுக்காக வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. என்ன பண்றது?

ஜெலுத்தோங்: கழுத்துல திரிசூலம். டெர்மினேட் பண்ணிட்டாங்க. உரிமை இருக்கா?

நிபோங் திபால்: மேலே கேட்ட அதே கேள்விதான், ஆனா நான் புரொபேஷன்.

மூன்று பேருக்கும் ஒரே பதில். நீக்கின நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் 20ஆவது பிரிவின்படி மனு கொடுக்க வேண்டும். சனி ஞாயிறு, பெருநாள் லீவு எல்லாம் சேர்த்து 60. மனுவுக்குக் கட்டணம் இல்லை. சமரசம் பேசுவார்கள், படியவில்லை என்றால் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். நியாயமான காரணம் இருந்தது என்று அங்கே நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஜெயித்தால் பின்சம்பளம் 24 மாதம் வரை, புரொபேஷன், அதாவது சோதனைக் காலத்தில் இருக்கும் ஆளுக்கு 12 மாதம் வரை. நிபோங் திபால், புரொபேஷனில் இருந்தாலும் மனு கொடுக்கலாம்.

ஆனால் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட கம்பெனி விதிப் புத்தகத்தில் "வெளியே தெரியும் பச்சை கூடாது" என்று இருந்து, நீங்கள் அதற்குப் பிறகு குத்தியிருந்தால் கேஸ் மெலிந்துவிடும். புத்தகத்தை முதலில் படியுங்கள்.

பட்டர்வொர்த்: நெஞ்சுல முனீஸ்வரன், கீழே என் பிறந்த நாள் நம்பர். செக்யூரிட்டி கார்டு வேலைக்குப் போனேன், "கேங்கா?"ன்னு கேட்டாங்க.

நம்பர் குத்தாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். உள்துறை அமைச்சு 2013இல் 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்ணே பெயராக இருக்கும் கும்பல்கள் அதில் உண்டு. நீ பிறந்தது நாலாம் தேதி என்று உன் அம்மாவுக்குத் தெரியும், கார்டு கம்பெனிக்காரனுக்கும் ரோட்டில் நிறுத்தும் போலீஸுக்கும் தெரியாது. சாமிக்குப் பக்கத்தில் நம்பர் இருந்தால் சாமியையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. மாநிறக் கையில் பச்சையைப் பார்த்தாலே கும்பல் என்று நினைக்கும் புத்தி இந்த ஊரில் இருக்கிறது. என் பாட்டி கை இரண்டிலும் கோலப் பச்சை, முழங்கை வரை. அந்தக் கையால்தான் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். ஒரு துரையும் அவளைக் கேங் என்று சொன்னதில்லை.

பாலிக் பூலாவ்: லேசர்ல அழிச்சா முழுசாப் போயிடுமா?

தோல் டாக்டரைக் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம்: டாட்டூ இருந்தா போலீஸ்ல சேரலாமா?

சீருடைப் பணிகளின் உடல் தகுதி விதிகள் வேறு. ஆள் எடுக்கும் விளம்பரத்தை வரி விடாமல் படியுங்கள்.

கூலிம் தம்பி: அமெரிக்காவுல ஒருத்தர் மணிக்கட்டு டாட்டூவுக்காக கேஸ் போட்டு லட்சக்கணக்குல வாங்கினாராமே. நம்ம ஏன் முடியாது?

ரெட் ராபின் என்ற பர்கர் கடை வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் அந்தக் கடையில் பரிமாறிய ஒருவர் பழைய எகிப்திய சமயத்தைப் பின்பற்றுகிறவர். இரண்டு மணிக்கட்டையும் சுற்றி மெல்லிய பட்டையாக வழிபாட்டு வரி குத்தியிருந்தார். சடங்கோடு பெற்றது, வேண்டுமென்றே மறைத்தால் பாவம் என்றார். மறை என்றது கம்பெனி, மறுத்தார், வேலை போனது. 2005இல் 150,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஆனால் அங்கே 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊழியரின் சமய வழக்கத்துக்குத் தனியார் முதலாளியும் இடம் கொடுத்தாக வேண்டும், முடியாதென்றால் தனக்கு என்ன பெரிய கஷ்டம் என்று அவர்தான் காட்ட வேண்டும். நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை. அங்கேயும் எல்லாரும் ஜெயிப்பதில்லை. முகத்தில் வளையம் மாட்டிய, காஸ்ட்கோ என்ற கடையின் ஊழியர் அதுதான் தன் சமயம் என்று கோர்ட்டுக்குப் போய் 2004இல் தோற்றார்.

இன்னொன்று. அவர் "மறைத்தால் பாவம்" என்று சொல்ல முடிந்தது. நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? சைவத்தில் உடம்பில் குறி பொறித்துக்கொள் என்று எங்கேயும் சொல்லவில்லை.

புக்கிட் மெர்தாஜாம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: எங்கேயும் இல்லையா? பெண்ணாகடத்தில் அப்பர் சுவாமிகள் என்ன பாடினார்? "மின்னாரும் மூவிலைச் சூலம் என்மேல் பொறி" என்று கேட்கவில்லையா? சூலமும் இடபமும் அவர் தோளில் பொறிக்கப்பட்டன. அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

ஐயா, தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று: சமணத்தில் இருந்த உடம்போடு வாழ மனமில்லாமல் அப்பர் தனக்காகக் கேட்ட வரம் அது. பொறித்தது சிவபூதம், டாட்டூ கடை இல்லை. எல்லாரும் பொறித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லையே.

பட்டர்வொர்த், ஓர் அம்மா: வைணவத்தில் எல்லாருக்கும்தான் தம்பி. ஆச்சாரியன் கையால் இரண்டு தோளிலும் சங்கு சக்கரம் சூடு வைத்துக்கொள்வது பஞ்ச சம்ஸ்காரம் என்ற ஐந்து சடங்கில் முதலாவது. பெரியாழ்வாரே "கோயில் பொறியாலே ஒற்றுண்டு" என்கிறார். என் தோளில் இருக்கிறது.

அம்மா, உங்கள் வாதம் ஐயாவுடையதை விடப் பலம். சமயம் இதைக் கட்டாயமாக்கியதா என்பதைத்தான் நீதிமன்றம் கேட்கும். முகத்தை மூடி வேலைக்கு வந்த முஸ்லிம் எழுத்தர் ஒருவரை அரசாங்கம் நீக்கியது. அது கட்டாயக் கடமை இல்லை என்று 1994இல் உச்ச நீதிமன்றம் (கூட்டரசு நீதிமன்றத்துக்கு அன்றைய பெயர்) அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மைச் சமயத்துக்கே அந்தக் கதி. தோள் சட்டைக்குள் இருப்பதால் உங்களை யாரும் கேட்கப்போவதும் இல்லை.

மறுபடி தமிழாசிரியர்: எது என் சமயம் என்று நீதிபதியா முடிவு செய்வது?

நல்ல கேள்வி ஐயா. பள்ளிக்குத் தலைப்பாகை கட்டி வந்ததற்காக விலக்கப்பட்ட மூன்று முஸ்லிம் மாணவர்களின் வழக்கில், 2006இல் கூட்டரசு நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. கட்டாயமா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், அந்த வழக்கம் சமயத்துக்கு எவ்வளவு முக்கியம், தடை எவ்வளவு தூரம் போகிறது, சூழல் என்ன என்றெல்லாம் எடை போட வேண்டும் என்றது. அங்கே உங்கள் அப்பருக்கு இடம் இருக்கிறது. மாணவர்கள் தோற்றார்கள், அது வேறு. அதுவும் அரசுப் பள்ளி. தனியார் கம்பெனியில் அப்பர் வாசல் தாண்ட மாட்டார்.

சிம்பாங் அம்பாட்: அங்கிள், ரெண்டு மணி நேரமா அப்பர்லேயே நிக்கிறீங்க. கையில சிலுவை இருந்தா சட்டம் வேறயா?

ஒரே சட்டம்தான். மேலே படிக்கவும்.

தாமான் சாய் லெங்: டாட்டூவுக்காக வேலைய விட்டுத் தூக்கினா...

60 நாள். எழுத்தில் வாங்கு. மேலே படி.

குளுகோர், பெண்: எச்ஆர் ரூமுக்குக் கூப்பிட்டு, "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்"னு லெட்டரை டைப் பண்ணி வெச்சிருக்காங்க. நாளைக்குள்ள முடிவு சொல்லணும்.

கையெழுத்துப் போடாதேமா. அந்த லெட்டரை நானே எத்தனை பேருக்கு டைப் பண்ணி வைத்திருக்கிறேன். பக்கத்தில் பேனாவும் டிஷ்யூவும் வைப்போம். கையெழுத்துப் போட்டால் நீயே போனாய் என்று ஆகிவிடும். கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உன் தலையில். "யோசித்துச் சொல்கிறேன், நகல் கொடுங்கள்" என்று மட்டும் சொல். நகல் தர மறுத்தால் அன்று இரவே நடந்ததை எச்ஆருக்கு ஈமெயிலாக எழுதி அனுப்பு.

ஜார்ஜ் டவுன், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்: எல்லாரும் முதலாளியையே திட்டுறீங்க. கை முழுக்க காளி குத்திக்கிட்டு வர்ற பையனை நான் எப்படிப் பரிமாற விடுறது? டூரிஸ்ட் வர்ற இடம், பயப்படுறாங்க.

அண்ணாச்சி, உங்கள் கல்லாவுக்கு மேலே என்ன படம்? நான் சாப்பிட்டிருக்கிறேன். நாக்கைத் தொங்கவிட்டு, கழுத்தில் தலை மாலையோடு, சுற்றிச் சீரியல் பல்பு போட்டு வைத்திருக்கிறீர்கள். டூரிஸ்ட் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறான். அந்தப் பையனை வேலைக்கு எடுக்க மனம் இல்லையென்றால் அது உங்கள் இஷ்டம், சட்டமும் உங்களைத் தடுக்காது. பழியை மட்டும் டூரிஸ்ட் தலையில் போடாதீர்கள்.

பாயா தெருபோங்: அங்கிள், பிப்ரவரியில நீக்கினாங்க. எண்ணிப் பார்த்தேன், இன்னிக்கு 61ஆவது நாள்.

தம்பி, 20ஆவது பிரிவு போச்சு. அந்த 60ஐ நீட்டிக்க தொழிலுறவு இலாகாவின் தலைமை இயக்குநருக்கே அதிகாரம் இல்லை. பாக்கிச் சம்பளமோ, நோட்டீஸ் பணமோ வரவேண்டியது இருந்தால் தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம், அதற்கு இந்தக் கணக்கு இல்லை. நோட்டீஸ் காலத்தை ஒப்பந்தத்தில் போடாமல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், ஐந்துக்குக் குறைவாக 6, அதற்கு மேலே 8. சம்பளச் சீட்டுகளையும் நீக்கின கடிதத்தையும் எடுத்துவைத்துவிட்டு எனக்குத் தனியாக எழுது. கடிதத்தில் இருக்கும் தேதியை முதலில் பார். நீ வீட்டுக்குப் போன நாளும் வேலை முடிந்ததாகப் போட்டிருக்கும் நாளும் ஒன்றா என்று.