அட்டைப்பெட்டிக்குள் ஒரு கடற்காகம்

ஐயா,

நாகை மாவட்டத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். சென்ற மாதம் கரையில் ஒரு கடற்காகம் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு, ஒரு இறக்கையை விரிக்க முடியாமல் மணலில் கிடந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனும் நானும் நரம்பை வெட்டி எடுத்து, அதை அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பையன் பாலும் சோறும் கொடுத்துப் பார்த்தான், அது தொடவில்லை. இரவெல்லாம் பெட்டியைத் திறந்து திறந்து தடவிக்கொடுத்தான். மறுநாள் மாலை வனத்துறையினர் வந்து எடுத்துச் சென்றார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டது என்று தகவல் வந்தது. "நாமே வைத்து வளர்த்திருந்தால் பிழைத்திருக்கும்" என்று இன்னும் அழுகிறான். என் அண்ணனோ, "கடலில் ஆயிரம் பறவை சாகிறது, ஒன்றைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது" என்கிறார். இருவருக்கும் என்ன பதில் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையனுக்கு. அவனிடம் இதைச் சொல்லுங்கள்: அவன் செய்த தவற்றை நானும் செய்திருக்கிறேன், அவனைவிட மிகப் பெரிய வயதில்.

ஒரு புயல் ஓய்ந்த மறுநாள் கடற்கரையில் ஆலா என்ற கடற்பறவை ஒன்றைக் கண்டெடுத்தேன். காயம் எதுவும் தெரியவில்லை, களைத்துக் கிடந்தது. தாகமாக இருக்கும் என்று நினைத்து, அலகைப் பிரித்து, இங்க் ஃபில்லரால் தண்ணீர் விட்டேன். இரண்டாம் முறை விட்டபோது தலையை உதறியது. அலகின் மேலே, மூக்குத் துளையில் ஒரு சின்னக் குமிழி வந்து உடைந்தது. சற்று நேரத்தில் கையிலேயே கழுத்து சாய்ந்துவிட்டது. பிறகு ஒரு கால்நடை மருத்துவர் கோழியின் அலகைத் திறந்து எனக்குக் காட்டினார். நாக்கின் வேருக்குப் பின்னால், அதை ஒட்டியே, ஒரு சிறு பிளவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதுதான் மூச்சுக்குழலின் வாய். நான் விட்ட தண்ணீர் வயிற்றுக்குப் போகவில்லை, நுரையீரலுக்குப் போயிருக்கிறது. அந்தக் குமிழியை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் கடற்காகம் ஏன் இறந்தது என்று இங்கே உட்கார்ந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நரம்பு சுற்றிய பறவைகளுக்குப் பெரும்பாலும் நேர்வது இது: இறுகிய இடத்துக்கு அப்பால் இரத்த ஓட்டம் நின்றிருக்கும். நரம்பை அறுத்த உடன் பறவை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். தசை செத்திருப்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் நரம்பை அறுத்தவுடன் பறவையைப் பறக்கவிடுவதில்லை. சில நாள் வைத்துப் பார்க்கிறார்கள். அவன் பாலைக் கொடுத்ததால் அது சாகவில்லை, அது தொடவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பறவைகளுக்குப் பால் செரிக்காது என்பதை மட்டும் அவன் தெரிந்துகொண்டால் போதும்.

தடவிக்கொடுத்தது வேறு விஷயம். நாய்க்குட்டிக்கு அது ஆறுதல். காட்டுப் பறவைக்கு, தன்னைத் தொடுகிற எதுவும் தன்னைத் தின்ன வந்ததுதான். அது அசையாமல் இருந்திருக்கும், அமைதியாகிவிட்டது என்று பையன் நினைத்திருப்பான். அது பயத்தின் உச்சம். கோடியக்கரைப் பக்கம் வருகிற பூநாரை போன்ற நெடுங்கால் பறவைகளைத் துரத்திப் பிடித்து அழுத்தி வைத்திருந்தாலே, பதற்றத்தில் தசைகள் சிதைந்து பிறகு எழுந்து நிற்க முடியாமல் போகலாம். காற்றுத் துளை போட்ட பெட்டி, உள்ளே ஒரு பழைய துணி, மூடிய மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டறை, உடனே வனத்துறைக்குத் தகவல். வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க அனுமதிப்பதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் வளர்க்கக் கூடாது என்றே சொல்வேன். உங்கள் கரையில் குளிர்காலத்தில் கூட்டமாகத் தெரிகிற பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத், லடாக் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது. கோடைக்கு முன் அது அங்கே திரும்ப வேண்டும். நம் முற்றத்தில் அதற்கு என்ன இருக்கிறது?

இனி அண்ணனுக்கு. அவர் கேட்டது கல்நெஞ்சக் கேள்வி இல்லை. பறவை ஆராய்ச்சியாளர்களிலேயே பலர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2000 ஜூன் 23 அன்று, கேப் டவுனுக்கு அருகே, இரும்புத்தாது ஏற்றிவந்த 'டிரெஷர்' என்ற கப்பல் மூழ்கியது. அதன் எரிஎண்ணெய் கசிந்த கடல், ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடைப்பட்டது. மண்டேலா சிறையிருந்த அதே ராபன் தீவு. இரண்டும் ஆப்பிரிக்கப் பெங்குவின்களின் முக்கிய வாழிடங்கள், அது இனப்பெருக்கக் காலம் வேறு. சுமார் 19,000 பெங்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. 1968 முதல் அங்கே கடற்பறவைகளை மீட்டுவரும் 'சான்காப்' அமைப்பு, ஒரு பெரிய கிடங்கையே பறவை மருத்துவமனையாக்கியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வந்தார்கள்.

எண்ணெய் ஏன் கொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டவை. அந்த நெசவுதான் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. எண்ணெய் பட்டால் பூட்டு பிரிந்துவிடுகிறது. குளிர்ந்த நீர் நேராகத் தோலில் படுகிறது. பறவை அலகால் கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்த்து எண்ணெயை விழுங்குகிறது. குடல் புண்ணாகிறது, இரத்தம் சோகைபிடிக்கிறது. கடலுக்குள் போக முடியாது, போகாவிட்டால் பட்டினி.

இங்கேதான் நம் கை பரபரக்கும்: உடனே கழுவிவிட வேண்டும் என்று. கழுவக் கூடாது. வலுவிழந்த பறவை கழுவும்போதே செத்துவிடும். முதலில் சூடு, பிறகு குழாய் வழியாக இரைப்பைக்கு நீரும் கரைசலும், ஓரளவு தெம்பு வந்த பிறகே தொட்டி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம். ஒருவர் பிடிக்க, ஒருவர் கழுவ. கண்ணைச் சுற்றி மட்டும் பல் துலக்கும் பிரஷ். தண்ணீர் கறுக்கக் கறுக்க அடுத்த தொட்டி. கடைசியாக அலசுவதுதான் பெரிய வேலை. சோப்பு மிச்சமிருந்தாலும் இறகின் இழைகள் பூட்டிக்கொள்ளாது. நன்றாக அலசிய இறகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். சேம்பிலையில் பார்த்திருப்பீர்களே, அதேபோல. பெங்குவினின் அலகு கத்திரிபோல இருக்கும். கழுவியவர்களின் கைகளில் அதன் தழும்புகள். கடிக்கிற பறவை என்றால் அங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி, அதற்குத் தெம்பு வந்துவிட்டது. உங்கள் பையன் இதைக் கேட்க வேண்டும். அங்கே யாரும் பறவை தன்னிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று விரும்புவதில்லை.

எண்ணெய் படாத இன்னொரு 19,500 பெங்குவின்களை என்ன செய்வது? அவை தீவில் இருந்தால் நனைந்துவிடும். லாரிகளில் ஏற்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கிழக்கே, போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை எப்படியும் வீட்டுக்கு நீந்தித் திரும்பும், அதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது கணக்கு. மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, பீட்டர், பமேலா, பெர்சி என்று பெயரும் வைத்தார்கள். அவை ஊர் திரும்பும் பாதையை நாடே தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குத் தப்பவில்லை.

எண்ணெயில் நனைந்தவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. அவற்றில் பல ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து குஞ்சு பொரித்தன. நனையாத பறவைகள் அளவுக்கு அவற்றால் குஞ்சுகளை வளர்த்தெடுக்க முடியவில்லை என்பதும் உண்மை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஓர் இனத்தின் கணிசமான பகுதி அன்று அழியாமல் நின்றது. அந்த 19,000-ஐயும் மொத்தமாகக் கழுவ எந்த இயந்திரமும் இல்லை. ஒவ்வொன்றாகத்தான் கையில் பிடித்துக் கழுவினார்கள். அண்ணன் சொல்லும் அந்த 'ஒன்று', 19,000 முறை.

இதோடு நிறுத்தினால் அண்ணனுக்குப் பாதி பதில்தான். 2024இல் ஆப்பிரிக்கப் பெங்குவின், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இப்போது 10,000 ஜோடிக்கும் குறைவு. அவற்றின் உணவான மத்தியும் நெத்திலி வகை மீன்களும் குறைந்துவிட்டது முக்கியக் காரணம். எத்தனை பறவையைக் கழுவினாலும் கடலில் மீன் இல்லையென்றால் அவை எதைத் தின்னும்? சான்காப் இன்னொரு பறவைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில், ஆறு முக்கியப் பெங்குவின் வாழிடங்களைச் சுற்றி அந்த மீன்களைப் பெருவலைகளால் பிடிப்பதை நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. பறவையைக் கழுவிய அதே ஆட்கள்தான் வழக்கும் போட்டார்கள். எதனால் சாகிறது என்பதைக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் வருவது இயல்பு. தூரத்திலிருந்து 'ஆயிரம் சாகிறது' என்று சொல்பவருக்கு அது வருவதை நான் பார்த்ததில்லை. அண்ணன் மன்னிக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கே திரும்புகிறேன். நீங்கள் வெட்டி எடுத்த நரம்பை என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மணலிலேயே போட்டிருந்தால், பையனை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். நைலான் நரம்பு மக்காது. படகுகள் ஏறும் இடத்தில், வலை பின்னும் கொட்டகைப் பக்கம், அலை ஒதுக்கிய குப்பையில் அது நிறையக் கிடக்கும். மணல் நிறத்தில் இருப்பதால் குனிந்து தேட வேண்டும். கிடைத்ததை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அங்கே காக்கைகள் வரும். கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிய பிறகு போடச் சொல்லுங்கள்.

அன்புடன்.