அமெரிக்க லேண்ட்லைன் பில்லில் 6.50 டாலர் கட்டணம் 7 ஆனது: மாநிலத்தின் தொலைபேசிக் கட்டண ஆணையத்தில் புகார் செய்யலாமா?

பலன் இருக்காது. உங்கள் லேண்ட்லைன் பில்லில் ஏறியிருக்கும் ‘ஃபெடரல் சப்ஸ்கிரைபர் லைன் சார்ஜ்’ (லைனுக்கான மாதக் கட்டணம்) மாநிலத்தின் கையில் இல்லை, வாஷிங்டனில் உள்ள மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் கையில். பெயரில் ‘ஃபெடரல்’ (மத்திய அரசு) இருந்தாலும் வரி அல்ல, பணம் போன் கம்பெனிக்கே போகிறது. (பெயர் வைத்த புண்ணியவான் வாழ்க!)

வீட்டின் முதல் லைனுக்கு 2003-ல் வைத்த உச்சவரம்பு 6.50 டாலர், இரண்டாவது லைனுக்கு 7. உங்களுடையதை இரண்டாவதாகப் பதிந்திருப்பார்கள். அதே முகவரியில் பழைய எண் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இணையம் வழி வரும் போன் என்றால் இந்த வரம்பு பொருந்தாது. மாநிலத்தின் பேச்சு எடுபடுவது உள்ளூர் சேவையின் மாதக் கட்டணத்தில்தான். அதையும் பல மாநிலங்கள் கைகழுவிவிட்டன.