ஒன்பது நாள் தாமதமும் பறிபோன சலுகை வட்டியும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் வார இறுதி விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் சிறிய கேட்டரிங் தொழில் நடத்துகிறோம். பழைய கார்டு ஒன்றில் சேர்ந்துவிட்ட 8,000 டாலர் நிலுவையைச் சென்ற ஆண்டு ஒரு புதிய கிரெடிட் கார்டுக்கு மாற்றினேன். பதினைந்து மாதங்களுக்கு வட்டியே இல்லை என்றும், மாற்றுவதற்கு 3 சதவீதக் கட்டணம் மட்டும் உண்டு என்றும் சொன்னார்கள். அதற்காக 240 டாலர் கட்டினேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை ஆட்டோ பே மூலம் போய்க்கொண்டிருந்தது. அவ்வப்போது கையில் இருந்ததைக் கூடுதலாகவும் கட்டி, நிலுவையை 6,500 டாலருக்குக் கொண்டுவந்தேன். இடையில் எங்கள் வங்கிக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினோம். ஆட்டோ பேயில் பழைய கணக்கு எண்ணே இருந்ததை நான் கவனிக்கவில்லை. 12ஆம் தேதிக்குப் போயிருக்க வேண்டிய பணம் திரும்பிவிட்டது. 21ஆம் தேதி அது தெரிந்தவுடன் கட்டிவிட்டேன். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் தாமதக் கட்டணத்துடன் 27.49 சதவீத வட்டி என்று போட்டு 146.86 டாலர் சேர்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டால், சலுகை ரத்தாகிவிட்டது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வெறும் ஒன்பது நாள் தாமதத்துக்கு இப்படிச் செய்ய அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? கார்டில் என் பெயருக்குக் கீழே எங்கள் கேட்டரிங் நிறுவனத்தின் பெயரும் அச்சாகியிருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில், வட்டி எந்தத் தொகையின் மீது விழுந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்க ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத்தில், கெடு தேதிக்கு அருகிலேயே, பணம் உரிய நாளில் வராவிட்டால் தாமதக் கட்டணம் இவ்வளவு, வட்டி இவ்வளவு வரை உயரக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை இருக்கும். அது சட்டப்படி அச்சிட வேண்டிய வாசகம். தாமதமே செய்யாதவருக்கும் அது வரும். அதைப் படித்துவிட்டு, சலுகை போய்விட்டது என்று கலங்குகிறவர்களும் உண்டு. உண்மை நிலவரம் கடைசிப் பக்கங்களில், வட்டி கணக்கிடும் அட்டவணையில் இருக்கிறது. அங்கே பொருள் வாங்கிய நிலுவைக்கு ஒரு வரி, மாற்றிய நிலுவைக்கு ஒரு வரி, ரொக்கமாக எடுத்ததற்கு ஒரு வரி என்று தனித்தனியாகக் காட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் வட்டி வீதத்தையும், சலுகை வீதமாக இருந்தால் அது முடியும் தேதியையும் தந்திருப்பார்கள்.

உங்கள் நிலுவையான 6,500 டாலருக்கு ஆண்டுக்கு 27.49 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 டாலர் 90 சென்ட். முப்பது நாளுக்குச் சரியாக 146.86 டாலர் வருகிறது. ஆகவே இது நீங்கள் புதிதாக வாங்கிய பொருளுக்கான வட்டி அன்று. மாற்றிக் கொண்டுவந்த பழைய நிலுவை முழுவதன் மீதும் சலுகையை எடுத்துவிட்டுப் போட்ட வட்டிதான். தொலைபேசியில் பேசியவர் தவறாகச் சொல்லவில்லை.

அடுத்தது, அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா என்பது. உங்களுடையது சொந்த உபயோகத்துக்கான சாதாரண கார்டாக இருந்தால், உரிமை இல்லை. ஒரு நாள் தாமதித்தாலும் வட்டியை ஏற்றுவது, இன்னும் மோசமாக, வேறொரு கடனில் தாமதித்ததற்காக இந்தக் கார்டில் வட்டியை ஏற்றுவது என்பதெல்லாம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் சர்வசாதாரணமாக நடந்தன. 2009ஆம் ஆண்டு மே 22 அன்று கையெழுத்தாகி, பெரும்பகுதி 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. அதன்படி, சலுகை வட்டி என்று ஒன்றை அறிவித்தால் அது குறைந்தது ஆறு மாதங்களாவது நீடிக்க வேண்டும். அறிவித்த காலம் முடிவதற்குள், ஏற்கெனவே உள்ள நிலுவையின் மீதான சலுகையைத் தாமதத்தைக் காரணம் காட்டிப் பறிக்க வேண்டுமானால், குறைந்தபட்சத் தொகை கெடு தேதிக்குப் பின் அறுபது நாட்களைத் தாண்டியும் வராமல் இருந்திருக்க வேண்டும். அப்போதும் 45 நாள் முன்னறிவிப்பு கொடுத்த பிறகே வட்டியை ஏற்றலாம். ஏற்றிய பின் அடுத்தடுத்து ஆறு மாதம் குறைந்தபட்சத் தொகையை உரிய நாளில் கட்டினால், அந்த நிலுவைக்குப் பழைய வீதத்தைத் திரும்பத் தர வேண்டும். ஒன்பது நாள் எங்கே, அறுபது நாள் எங்கே! தாமதக் கட்டணம் வாங்குவதற்கு மட்டும் இந்த அறுபது நாள் விதி தடையன்று. அதை முதல் நாளே போடலாம். ஆனால் அன்று நீங்கள் கட்டியிருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையைவிட அது அதிகமாக இருக்கக் கூடாது.

இவ்வளவையும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் வழக்கே அங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன பாதுகாப்புகள் சொந்தத் தேவைக்கும் குடும்பத் தேவைக்கும் வாங்கிய கடனுக்கு உரியவை. தொழிலுக்கென்று கொடுக்கப்பட்ட பிசினஸ் கார்டுகளுக்கு அவை பொருந்தா. சில வங்கிகள் தாமாகவே அதே மரியாதையைத் தொழில் கார்டுகளுக்கும் தருகின்றன என்றாலும், அது அவர்களுடைய விருப்பம். கார்டின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் இருப்பதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கணக்குத் தொடங்கியபோது உங்களுக்கு வந்த ஒப்பந்தத்தை எடுத்து, அதன் தலைப்பில் பிசினஸ் என்ற சொல் இருக்கிறதா, கார்டைத் தொழில் நோக்கத்துக்கே பயன்படுத்துவதாக நீங்கள் உறுதியளிக்கும் வரி இருக்கிறதா, விண்ணப்பத்தில் நிறுவனத்தின் வரி எண்ணையும் ஆண்டு வருமானத்தையும் கேட்டார்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், உங்களுடையது தொழில் கார்டுதான். அப்போது சலுகையின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த ஒப்பந்தத்தின் வாசகமே. ஒரு தவணை தவறினாலும் சலுகை போகும் என்று அதில் எழுதியிருந்தால், நாம் சட்டத்தைக் காட்டி வாதாடுவதற்கு அதிக இடமில்லை.

ஒப்பந்தத்தைப் படித்த பிறகு அது சாதாரண கார்டுதான் என்று தெரிந்தால், தொலைபேசியை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுங்கள். பணம் அனுப்பும் முகவரிக்கு அன்று. ஸ்டேட்மென்ட்டில் பில் தொடர்பான விசாரணைகளுக்கென்று தனியாக ஒரு முகவரி இருக்கும், அதற்கு. தவறான வட்டி முதலில் இடம்பெற்ற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். கெடு தேதி, பணம் கட்டிய தேதி, இரண்டுக்கும் இடையே ஒன்பது நாள், மாற்றிய நிலுவைக்கு வாக்களித்த வீதம், இப்போது போட்ட வீதம் ஆகிய ஐந்தும் கடிதத்தில் இருந்தால் போதும், கோபம் வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் புகார் பதியலாம்.

தொழில் கார்டு என்றால் வழி வேறு. ஒரு முறை, தன்மையாகக் கேட்டுப் பாருங்கள்: இதுவரை ஒரு தவணையும் தவறியதில்லை, வங்கிக் கணக்கு மாறியதால் பணம் திரும்பியது, அறிந்த அன்றே கட்டிவிட்டேன், சலுகையைத் திருப்பித் தர முடியுமா என்று. முதலில் பேசுபவருக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரம் இருக்காது. மேற்பார்வையாளரிடம் இணைக்கச் சொல்லுங்கள். மறுத்துவிட்டால் வீணாக மல்லுக்கட்டாமல், உங்கள் பெயரில் வேறொரு வங்கியின் சாதாரண கார்டுக்கு நிலுவையை மாற்ற முடியுமா என்று பார்ப்பதே லாபம். 6,500 டாலருக்கு 3 சதவீதக் கட்டணம் 195 டாலர். இப்போது மாதந்தோறும் போகிற வட்டி ஏறத்தாழ 147 டாலர். ஒன்றரை மாதத்துக்குள் கட்டணம் கழிந்துவிடும். ஏற்கெனவே கட்டிய 240 டாலர் திரும்பாது, அதை மறந்துவிடுங்கள். அதே வங்கியின் இன்னொரு கார்டுக்கு மாற்றப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள் என்பதையும், புதிய கார்டு கிடைத்தாலும் முழு 6,500 டாலருக்கும் வரம்பு கொடுக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

கடன் மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கவலை இருக்கும். கெடுவிலிருந்து முப்பது நாள் கடந்த தாமதத்தைத்தான் வழக்கமாக அங்குள்ள கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கிறார்கள். ஒன்பது நாளில் கட்டிவிட்ட உங்களுக்கு அந்தக் கறை இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: 90,000 ரூபாய் நிலுவையை மாதம் 1.25 சதவீதச் சலுகை வட்டியில் வேறொரு வங்கியின் கார்டுக்கு மாற்றினேன். இரண்டாவது மாதம் குறைந்தபட்சத் தொகையை இரண்டு நாள் கழித்துத்தான் கட்ட முடிந்தது. இப்போது 3.5 சதவீதம் போடுகிறார்கள். மூன்று நாள் வரை தாமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருப்பதாக என் நண்பர் அடித்துச் சொல்கிறார். மேலும், 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்றும் எங்கோ படித்தேன்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கார்டு நெறிமுறைகளில், கெடு தேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் நிலுவையாக இருந்தால்தான் தாமதக் கட்டணம் வாங்கலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம் என்று இருக்கிறது. அந்த மூன்று நாள் காப்பு இந்த இரண்டுக்கு மட்டுமே. சலுகை வட்டி நீடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்களிடம் தாமதக் கட்டணமும் வாங்கியிருந்தால் அதைத் திரும்பக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அமெரிக்காவில் உள்ளதுபோல் சலுகைக்கு அறுபது நாள் பாதுகாப்பு தரும் சட்டம் இங்கே கிடையாது. ஆகவே நிலுவையை மாற்றியபோது அனுப்பிய நிபந்தனைகளையும், மிக முக்கிய விதிமுறைகள் என்ற பெயரில் கார்டோடு வந்த தாளையும் எடுத்து, குறைந்தபட்சத் தொகை கெடுவுக்குள் வராவிட்டால் சலுகை ரத்தாகும் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வங்கியின் கை ஓங்கியிருக்கிறது. இல்லாவிட்டால், எந்த நிபந்தனையின் கீழ் வட்டியை ஏற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

30 சதவீத வரம்பு என்பது பழைய செய்தி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உங்கள் 90,000 ரூபாய்க்குச் சலுகையில் மாத வட்டி 1,125 ரூபாய், வரியோடு 1,327 ரூபாய் 50 காசு. இப்போது 3,150 ரூபாய், வரியோடு 3,717 ரூபாய். மாதத்துக்கு 2,390 ரூபாய் வரை கூடுதலாகப் போகிறது. வங்கியோடு எழுத்துப் போர் நடக்கும்போதே, குறைந்த வட்டியில் நகைக் கடனோ தனிநபர் கடனோ கிடைத்தால் அதை வாங்கி இந்த நிலுவையை அடைத்துவிடுவதைப் பற்றி யோசியுங்கள். வட்டி, உங்கள் புகாருக்குப் பதில் வரும் வரை காத்திருக்காது.

கேள்வி: கெடு தேதி அன்று இரவு பத்து மணிக்குச் செல்பேசிச் செயலி வழியாகக் கார்டு பில்லைக் கட்டினேன். கார்டுக் கணக்கில் மறுநாள்தான் வரவு வைத்தார்கள். இது தாமதமா?

– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் அனுப்பிய நேரத்தைவிட, கார்டு கணக்கில் எந்தத் தேதியிட்டு வரவு வைத்தார்கள் என்பதையே வங்கி பார்க்கும். செயலிகள் பில் தொகையை வரவு வைக்க ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு நாள் என்பதால் உங்களுக்குத் தாமதக் கட்டணம் வரக் கூடாது; முந்தைய பதிலில் சொன்ன மூன்று நாள் விதி காப்பாற்றும். ஆனால் சலுகை வட்டியோ, பில் தொகை முழுவதையும் கட்டுபவருக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலமோ இருந்தால், அவை பறிபோகாமல் இருப்பதற்கு நீங்கள் காட்டக்கூடிய ஒரே ஆதாரம் அன்றிரவு வந்த பரிவர்த்தனை எண்தான். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்ற வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.